ஐந்தாம் ஹென்றி பேசி முடிக்கும்போது பழி யார் தலையில் விழுகிறது?

கேள்வி இதுதான்: ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகம் அந்த அரசனை ஒரு போர்வீரனாக அவனுடைய உரைகள் வழியாக எப்படிக் காட்டுகிறது? அவனை மெச்சுகிறதா, உள்ளுக்குள் குத்துகிறதா?

இந்த நாடகத்தை நான் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் பேச்சுப் போட்டி வந்தால் யாராவது ஒரு மாணவர், பிரெஞ்சுப் படையோடு மோதும் நாள் காலையில் ஹென்றி தன் வீரர்களிடம் பேசும் கிரிஸ்பின் திருநாள் உரையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்பார். நன்றாகவே இருக்கும், கைதட்டலும் விழும். ஆனால் அப்படிப் பிய்த்து எடுத்துப் படிக்கிற வரைக்கும் ஹென்றி வெறும் வீரன்தான். நாடகத்துக்குள் அவனுடைய எந்த உரையும் தனியாக நிற்பதில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது, முடிந்த கையோடு மேடைக்கு யார் வருகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் ஷேக்ஸ்பியர் எழுதியிருக்கிறார். அதனால் மாணவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஹென்றி வாயைத் திறந்தால் இரண்டு விஷயம் கவனியுங்கள்: யாரைப் பார்த்துப் பேசுகிறான், பேசி முடிக்கும்போது பழி யார் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஒரு விசித்திரம். இங்கிலாந்தின் பெரிய போர்வீர அரசன் என்று பெயர் வாங்கியவன் இந்த நாடகத்தில் மேடையில் ஒருமுறைகூட வாள் வீசுவதில்லை. இதற்கு முந்தைய நாடகமான ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில், இளவரசனாக இருந்தபோது, ஹாட்ஸ்பரை நம் கண்முன்னே கொன்றவன்தான் இவன். இங்கே 1415ஆம் ஆண்டின் அஜின்கோர்ட் போர் முழுவதிலும் மேடையில் நாம் பார்க்கிற ‘சண்டை’ ஒன்றே ஒன்று. பிஸ்டல் என்ற வெற்று வாய்ச்சவடால்காரன் ஒரு பயந்த பிரெஞ்சு வீரனைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டுகிற கோமாளிக் காட்சி அது. ஒவ்வொரு அங்கத்தின் தொடக்கத்திலும் நம் கூத்தின் கட்டியங்காரன் மாதிரி ஒருவர் வந்து, ‘இந்தச் சின்ன மேடையில் அவ்வளவு பெரிய போரைக் காட்ட முடியாது, நீங்களே மனக்கண்ணில் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று மன்னிப்பு கேட்கிறார். ஆக, ஹென்றியின் வீரம் முழுக்க அவன் நாக்கில்தான் இருக்கிறது. நாடகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவன் பேச்சு.

அவன் மேடைக்கு வருவதற்கு முன்பே இதற்குக் கட்டியம் கூறப்படுகிறது. கேன்டர்பரி பேராயர், இந்த அரசன் பேசினால் கட்டற்றுத் திரியும் காற்றே நின்று கேட்கும் என்று புகழ்கிறார். நம்பிவிடாதீர்கள். அதே காட்சியில், திருச்சபையின் நிலங்களில் பெரும்பகுதியைப் பிடுங்கக்கூடிய ஒரு மசோதா வரப்போகிறது என்று இதே பேராயர்தான் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறார். அதைத் தவிர்க்க வழி என்ன? பிரான்ஸ் மீது போர் தொடுக்க அரசனுக்குப் பெருந்தொகை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் போருக்கு நியாயம் சொல்லப்போவதும் அவரே.

அப்புறம் ஹென்றி வருகிறான். பிரெஞ்சு மகுடம் எனக்குச் சேருமா என்று கேட்பதற்கு முன் பேராயரை எச்சரிக்கிறான்: தூங்குகிற போர்வாளை எழுப்பப் போகிறீர்கள், சிந்தப்போகும் ரத்தம் சாதாரணமல்ல, மனசாட்சிப்படி சொல்லுங்கள். கேட்பதற்கு எவ்வளவு பொறுப்பான பேச்சு! ஆனால் அதன் உள்வேலையைப் பாருங்கள். பேராயர் பெண்வழி வாரிசுரிமை, அதை மறுக்கிற சாலிக் சட்டம் என்று அறுபது வரிக்கு மேல் வம்சாவளி ஒப்பிக்கிறார். ஹென்றி ஒரே வரியில் திரும்பக் கேட்கிறான், நான் இதைத் தர்மப்படி கோரலாமா என்று. ‘பாவம் இருந்தால் அது என் தலையில், அரசே’ என்கிறார் பேராயர். அவ்வளவுதான், ஹென்றிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அடுத்தது டென்னிஸ் பந்துக் காட்சி. பிரெஞ்சு இளவரசன், ‘நீ விளையாட்டுப் பையன், இதை வைத்து விளையாடு’ என்று ஒரு பெட்டி நிறையப் பந்துகளை அனுப்புகிறான். ஹென்றி கத்துவதில்லை. இளவரசர் எங்களோடு இவ்வளவு வேடிக்கையாகப் பழகுவது மகிழ்ச்சி என்று மெதுவாகத் தொடங்குகிறான். பிறகு அந்தப் பந்துகள் பீரங்கிக் குண்டுகளாகின்றன. ‘கேலி’ என்ற சொல்லை மறுபடி மறுபடி சுழற்றுகிறான்: உன் கேலி ஆயிரக்கணக்கான பெண்களைக் கணவனில்லாமல் ஆக்கும், தாய்மாரைப் பிள்ளையில்லாமல் ஆக்கும், கோட்டைகளைச் சரிக்கும். சொல்லழகில் குறையே இல்லை. ஆனால் போருக்கான முடிவு தூதர் உள்ளே நுழைவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. பந்துப் பெட்டி வந்தது அவனுக்கு வசதியாகப் போயிற்று. விதவைகளின் கணக்கு இப்போது பிரெஞ்சு இளவரசன் பேரில்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புறநானூற்றின் 72ஆம் பாட்டு நினைவுக்கு வரும். ஷேக்ஸ்பியருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனால் நிலைமை ஒன்றுதான். இளையவன் என்று எள்ளப்பட்ட பாண்டியன் நெடுஞ்செழியன் வஞ்சினம் கூறுகிறான். எதிரிகளை அவர்களுடைய முரசோடு சேர்த்துக் கைப்பற்றாவிட்டால், என் குடிமக்கள் ‘எம் அரசன் கொடியவன்’ என்று கண்ணீர் விட்டுத் தூற்றட்டும் என்கிறான். அங்கே பழி வந்தால் பேசியவன் தலையில். ஹென்றியின் வஞ்சினத்தில் பேசுகிறவனைத் தவிர எல்லோர் தலையிலும்.

சவுத்தாம்ப்டன் காட்சியைச் சீக்கிரம் கடந்துவிடலாம், உத்தி அதேதான். அரசனைக் கொல்லப் பிரெஞ்சுப் பணம் வாங்கிய மூன்று பிரபுக்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உடனே கைது செய்யாமல், தன்னைத் திட்டிய ஒரு குடிகாரனை மன்னிக்கலாமா என்று அவர்களிடமே கேட்கிறான். கூடாது, தண்டியுங்கள் என்கிறார்கள். பிறகு, நீங்கள் சொன்ன ஆலோசனைதானே உங்களுக்கும் என்கிறான். அவர்கள் வாயாலேயே அவர்களுக்குத் தீர்ப்பு. அதில் ஸ்க்ரூப் என்ற நெருங்கிய நண்பனிடம் பேசும் பகுதியில் மட்டும் குரல் உடைகிற மாதிரி இருக்கிறது, துரோகம் மனிதகுலத்தின் இரண்டாவது வீழ்ச்சி மாதிரி என்கிறான். நல்ல இடம். ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னும் பின்னும் ஷேக்ஸ்பியர் என்ன வைத்திருக்கிறார்? அரசனின் பழைய சிநேகிதன் ஃபால்ஸ்டாஃப் சாகக் கிடப்பதையும், செத்துப்போனதையும். ‘அரசர்தான் அவர் மனசைக் கொன்றுவிட்டார்’ என்கிறாள் விடுதிக்காரி. நட்பைக் காட்டிக்கொடுத்தவர்களைப் பற்றி முழங்குகிற உரைக்கு இருபுறமும், அவன் கைவிட்ட நண்பனின் சாவு.

பிரான்ஸின் ஹார்ஃப்ளூர் நகர முற்றுகையில் மதிலின் உடைப்பை நோக்கி வீரர்களை ஏவும் உரையைப் பலரும் அறிவார்கள். ‘மறுபடி ஒருமுறை, நண்பர்களே’ என்று தொடங்குவது. இரண்டாவது வரியிலேயே, இல்லாவிட்டால் நம் ஆங்கிலேயப் பிணங்களால் இந்த மதிலை அடைத்துவிடுங்கள் என்று வருகிறது. பள்ளி மேடையில் அந்த வரி அடிபடாமல் ஓடிவிடும். அந்த உரையில் எனக்குப் பிடித்தது அதன் வினைச்சொற்கள். புலியைப் போல நடியுங்கள், நரம்பை முறுக்குங்கள், மென்மையான இயல்பைக் கோபத்தால் மறையுங்கள், கண்ணுக்குப் பயங்கரப் பார்வையைக் கொடுங்கள், பல்லைக் கடியுங்கள். இவை ஒரு நாடக ஆசிரியர் நடிகனுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம். இளவரசனாக இருந்தபோதே, மதுக்கடைக் கூட்டத்தோடு திரிவது தன் வேஷம், நேரம் வந்தால் கலைத்துவிடுவேன் என்று தனிமொழியில் சொன்னவன் ஆயிற்றே. வீரம் உடம்பில் ஊறிக் கிடக்கிறது என்று அவன் சொல்வதில்லை. வேஷம் போட்டால் வரும் என்கிறான். முதலில் உயர்குடியினரை அழைத்துத் தந்தையர் பெருமை பேசுகிறான், பிறகு உழவர் குடி வீரர்களிடம் திரும்பி, உங்கள் கண்ணிலும் மேன்மையின் ஒளி இருக்கிறது என்கிறான். யாருக்கு எது சொன்னால் ஏறும் என்று தெரிந்தவன். (1600இல் அச்சான சிறிய பதிப்பில் இந்த உரையே இல்லை, கட்டியங்காரர் பகுதிகளும் இல்லை. 1623 தொகுப்பில்தான் இரண்டும் கிடைக்கின்றன.)

உரை முடிந்து எல்லோரும் ஓடுகிறார்கள். அடுத்த நொடி ஃபால்ஸ்டாஃபின் கூட்டாளிகளான பார்டால்ஃப், நிம், பிஸ்டல், கூட ஒரு சிறுவன். பார்டால்ஃப் அரசனின் வரியையே கிளிப்பிள்ளை மாதிரிக் கத்துகிறான். மற்றவர்கள் நகர மாட்டேன் என்கிறார்கள். சிறுவன், லண்டனில் ஒரு சாராயக்கடையில் இருந்தால் தேவலை, என் புகழெல்லாம் ஒரு குவளைக்கும் உயிருக்கும் கொடுத்துவிடுவேன் என்கிறான். கடைசியில் ஃப்ளூயெல்லன் என்ற வேல்ஸ் தளபதி வந்து திட்டி விரட்ட வேண்டியிருக்கிறது. அந்த அற்புத உரைக்குக் கிடைத்த பலன் மேடையில் இவ்வளவுதான்.

அதற்கு அடுத்து வருவதுதான் ஹென்றியின் கொடூரமான பேச்சு. கோட்டைக் கதவுக்கு முன் நின்று ஹார்ஃப்ளூர் மக்களை மிரட்டுகிறான்: சரணடையாவிட்டால் என் வீரர்களை என்னால் அடக்க முடியாது, உங்கள் பெண்கள் சீரழிக்கப்படுவார்கள், முதியவர்களின் தலை சுவரில் மோதப்படும், பச்சைக் குழந்தைகள் ஈட்டியில் குத்தப்படும். நடுவில், ‘இதற்குக் காரணம் நீங்களே என்றால் எனக்கென்ன வந்தது?’ என்று கேட்கிறான். பழியைக் கைமாற்றுகிற கலையின் உச்சம் இது. உதவிப்படை வராது என்று தெரிந்துகொண்ட ஆளுநர் சரணடைகிறார். உடனே ஹென்றி, எல்லோரிடமும் இரக்கமாக இருங்கள் என்று உத்தரவிடுகிறான். இது வெறும் பூச்சாண்டி, உயிர்ச்சேதத்தைத் தவிர்த்த ராஜதந்திரம் என்று சிலர் சொல்வார்கள். விளைவைப் பார்த்தால் சரிதான். ஆனால் அவ்வளவு விவரமாக, அவ்வளவு சரளமாக அந்தப் படங்கள் அவன் வாயில் வருகின்றனவே, அதைப் பூச்சாண்டி என்ற சொல் விளக்காது. லாரன்ஸ் ஒலிவியே 1944இல், உலகப் போரின் நடுவே, எடுத்த திரைப்படத்தில் இந்த மிரட்டலையும் துரோகிகள் காட்சியையும் வெட்டிவிட்டார். நாட்டுக்கு உற்சாகம் ஊட்டும் படத்தில் இதையெல்லாம் வைக்க முடியாதுதான்.

பிறகு, தேவாலயத்தில் திருடியதற்காகப் பார்டால்ஃப் தூக்கிலிடப்படுகிறான் என்று செய்தி வருகிறது. பழைய மதுக்கடைத் தோழன். ஹென்றியின் பதில் உரைநடையில் சில வரிகள்: இப்படிப்பட்டவர்களை எல்லாம் ஒழிக்கத்தான் வேண்டும், ஒரு நாட்டுக்காக இரக்கமும் கொடுமையும் சூதாடினால் மென்மையானவனே முதலில் ஜெயிப்பான். பார்டால்ஃபைத் தெரிந்த மாதிரிகூடக் காட்டிக்கொள்வதில்லை. இவ்வளவு பேசுகிறவன் இந்த ஓர் இடத்தில் பேசாமல் விட்டது என்னை இன்னும் உறுத்துகிறது.

சரி, போருக்கு முந்தைய இரவு. நாடகத்தின் இதயம் இங்கேதான். ஹென்றி ஒரு மேலங்கியை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டு பாசறைக்குள் சுற்றுகிறான். மூன்று சாதாரண வீரர்களைச் சந்திக்கிறான்: ஜான் பேட்ஸ், அலெக்சாண்டர் கோர்ட், மைக்கேல் வில்லியம்ஸ். இவர்களுக்கு முழுப்பெயர் வைத்திருக்கிறார் ஷேக்ஸ்பியர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே செய்யுள் இல்லை, மேடை இல்லை, பெரிய கூட்டம் இல்லை. அரசனும் நம்மைப் போல மனிதன்தான், பூவின் மணம் அவனுக்கும் அதே மணம்தான் என்று எளிமையாகப் பேசுகிறான். அரசரோடு சாவதில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றும் சொல்லிப் பார்க்கிறான். வில்லியம்ஸ் சொல்கிற பதில் மிகச் சின்னது: ‘அது நமக்குத் தெரியாத விஷயம்.’ நியாயம் இல்லையென்றால் அரசருக்குப் பெரிய கணக்கு காத்திருக்கிறது என்று தொடர்கிறான். போரில் வெட்டுண்ட கால்களும் கைகளும் தலைகளும் இறுதி நாளில் ஒன்றுசேர்ந்து, நாங்கள் இன்ன இடத்தில் செத்தோம் என்று கூவும். சிலர் மருத்துவனைக் கேட்டு, சிலர் தவிக்கவிட்டு வந்த மனைவியை நினைத்து, சிலர் கடனை நினைத்து.

ஹென்றியின் மற்ற உரைகளைக் கேட்டு அசந்துபோன காதால் இவன் பதிலைக் கேளுங்கள். தந்தை வியாபாரத்துக்கு அனுப்பிய மகன் கடலில் பாவத்தோடு செத்தால் தந்தையா பொறுப்பு? எஜமானன் பணத்தைக் கொண்டுபோகும் வேலைக்காரனைத் திருடர் கொன்றால் எஜமானனா பொறுப்பு? குடிமகனின் கடமை அரசனுக்கு உரியது, அவனவன் ஆன்மா அவனவனுக்கு. வாதம் வழுக்கிக்கொண்டு போகிறது. வில்லியம்ஸ் கேட்டது போர் நியாயமானதா என்று. ஹென்றி பதில் சொன்னது செத்தவன் பாவியாகச் செத்தால் யார் பொறுப்பு என்பதற்கு. மகனை வியாபாரத்துக்கு அனுப்பிய தந்தை அவனைச் சாக அனுப்பவில்லை, போருக்கு அனுப்பும் அரசன் அனுப்புகிறான். வில்லியம்ஸ் படிக்காதவன், பதில் சொன்ன வரைக்கும் ஒத்துக்கொள்கிறான். கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

பிறகு இன்னொரு இடி. பிடிபட்டால் பணயத்தொகை கொடுத்துத் தப்ப மாட்டேன் என்று அரசர் சொன்னதை நானே கேட்டேன் என்கிறான் ஹென்றி. ‘ஆமாம், நாம் குஷியாகச் சண்டை போடுவதற்காகச் சொன்னார், நம் கழுத்து அறுபட்ட பிறகு அவர் மீட்கப்பட்டால் நமக்கா தெரியப்போகிறது?’ என்கிறான் வில்லியம்ஸ். அரசனின் எல்லா உரைகளுக்கும் ஒரு சிப்பாய் எழுதிய விமர்சனம் இது. அப்படி நடந்தால் அவன் பேச்சை நம்பவே மாட்டேன் என்று ஹென்றி சொல்ல, நீ நம்பாவிட்டால் என்ன, மயிலிறகால் வீசிச் சூரியனைப் பனிக்கட்டி ஆக்கப் போகிறாயா என்று சிரிக்கிறான். வாய்த்தகராறு முற்றுகிறது. பிறகு அடையாளத்துக்குக் கையுறைகளை மாற்றிக்கொண்டு பிரிகிறார்கள்.

தனியே விடப்பட்டதும் ஹென்றி வெடிக்கிறான். ‘எல்லாவற்றையும் அரசன் மேல்! உயிரையும் கடனையும் மனைவி மக்களையும் பாவத்தையும் அரசன் மேல் போடுங்கள்!’ பேராயர், பிரெஞ்சு இளவரசன், ஹார்ஃப்ளூர் மக்கள் என்று ஒவ்வொருவர் மேலும் இறக்கி வைத்தவன், சுமை திரும்பி வந்தவுடன் அலறுகிறான். அரசனுக்குக் குடியானவனைவிட அதிகமாக இருப்பது வெறும் ஆடம்பரச் சடங்கு மட்டுமே, உழைத்துக் களைத்தவன் தூங்குகிற தூக்கம் எனக்கு இல்லை என்கிறான். இதில் சுயபச்சாதாபம் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் அதைத் தொடரும் சிறு ஜெபத்தில்தான் முதல்முறையாகத் தன் குடும்பக் கணக்கைத் திறக்கிறான்: மகுடத்தைப் பிடிக்க என் தந்தை செய்த குற்றத்தை இன்றைக்கு மட்டும் நினைக்காதே, ஆண்டவனே. கொல்லப்பட்ட முந்தைய அரசன் இரண்டாம் ரிச்சர்டின் உடலைப் புதிதாக அடக்கம் செய்திருக்கிறேன், 500 ஏழைகளுக்குப் படி அளக்கிறேன், இரண்டு ஜெபக்கூடம் கட்டியிருக்கிறேன் என்று பட்டியல் போடுகிறான். அப்புறம், இதெல்லாம் ஒன்றுக்கும் உதவாது என்று அவனே சொல்கிறான். கேட்பாரில்லாத இந்தப் பேச்சில் மட்டும்தான் பழியை இறக்கி வைக்க அவனுக்கு ஆள் கிடைக்கவில்லை.

இவ்வளவையும் கடந்துதான் கிரிஸ்பின் திருநாள் உரை வருகிறது, 1415 அக்டோபர் 25 காலை. இங்கிலாந்தில் சும்மா கிடப்பவர்களில் பத்தாயிரம் பேர் இப்போது இங்கே இருந்தால் தேவலை என்று வெஸ்ட்மர்லண்ட் பெருமூச்சு விடுகிறான். ஒரு ஆள்கூட வேண்டாம், குறைவான பேர் என்றால் பங்குக்குக் கூடுதல் புகழ் என்கிறான் ஹென்றி. பயப்படுகிறவன் போகலாம், வழிச்செலவுக்குக் காசும் தருகிறேன். மிரட்டலே இல்லாமல் ஓட்டத்தை அடைக்கிற வித்தை இது, எல்லோர் முன்னாலும் யார் எழுந்து போவான்? பிறகு காலத்தை மாற்றுகிறான். இன்றைய போரைப் பற்றிச் சொல்லாமல், பல வருடம் கழித்து ஒரு கிழவன் இந்த நாளில் அண்டை வீட்டாருக்கு விருந்து வைத்துச் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டுவதைச் சொல்கிறான். செத்துப்போவோமோ என்று நிற்பவனுக்கு அவனுடைய முதுமையைப் பரிசாகக் கொடுக்கிறான். அந்தக் கிழவன் கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்வான் என்று ஒரு புன்னகையும் சேர்க்கிறான். இதைப் படித்துச் சிலிர்க்காமல் என்னால் இருக்க முடிந்ததே இல்லை, இவ்வளவு சந்தேகங்களுக்குப் பிறகும். என்னோடு இன்று ரத்தம் சிந்துகிறவன் எவ்வளவு தாழ்ந்தவனானாலும் என் சகோதரன் என்கிறான்.

ஆனால் அந்தக் கிழவன் வாயில் வரப்போகிற பெயர்கள் என்னென்ன? அரசன் ஹென்றி, பெட்ஃபோர்ட், எக்ஸிட்டர், வாரிக், டால்பட், சாலிஸ்பரி, குளோஸ்டர். இரவில் பேசிய மூன்று பேரில் ஒருவர்கூட இல்லை.

போரின் நடுவில் கைதிகளைக் கொல்ல உத்தரவிடுகிறான். பிரெஞ்சுப் படை மீண்டும் திரள்கிறது என்ற எச்சரிக்கை ஒலி கேட்டு அந்த உத்தரவு பிறக்கிறது. மூட்டை காக்கும் சிறுவர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் கொன்றுவிட்டார்கள், அதற்குப் பழிவாங்கத்தான் என்று அடுத்த காட்சியில் கவர் என்ற தளபதி நமக்குச் சொல்கிறான். வரிசையைத் திரும்பிப் பாருங்கள், காரணம் பின்னால்தான் ஒட்டப்படுகிறது. இந்தமுறை பழி மாற்றும் வேலையை அரசன் செய்யவில்லை, அவன் ஆட்களே கற்றுக்கொண்டுவிட்டார்கள். கடைசி அங்கத்தில் இளவரசி காதரினிடம், நான் பேசத் தெரியாத வெறும் போர்வீரன் என்று பக்கம் பக்கமாகப் பேசுவது வேடிக்கையாக இருக்கும், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முடிவுரையில், அவன் ஜெயித்ததெல்லாம் மகன் காலத்தில் போய்விட்டது என்று கட்டியங்காரர் சொல்லி வைக்கிறார்.

மெச்சுகிறதா, குத்துகிறதா என்று கேட்டீர்கள். விமர்சகர் ஹாஸ்லிட் 1817இல் இவனை ‘இனிமையான அரக்கன்’ என்றார். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் அரக்கன் இரவில் அப்படி அலற மாட்டான். என் பதில் போர் முடிந்த பிறகு வரும் ஒரு காட்சியில் இருக்கிறது. கையுறையை வைத்து அரசன் ஒரு குறும்பு செய்கிறான், வில்லியம்ஸ் மாட்டிக்கொள்கிறான், அன்று இரவு நீ திட்டியது என்னைத்தான் என்று ஹென்றி சொல்கிறான். உயிர் போகிற விஷயம். வில்லியம்ஸ் நடுங்காமல் சொல்கிறான்: நீங்கள் நீங்களாக வரவில்லை, சாதாரண ஆளாக வந்தீர்கள், அந்த வேஷத்தில் உங்களுக்கு நேர்ந்ததை உங்கள் தவறு என்று எடுத்துக்கொள்ளுங்கள், என் தவறு இல்லை.

இந்த நாடகத்தில் அரசன் முகத்துக்கு நேரே ‘தவறு உங்களுடையது’ என்று சொல்கிற குடிமகன் இவன் ஒருவன்தான். காற்றையே நிறுத்தக்கூடிய நாக்குக்கு அவனுக்குச் சொல்ல ஒன்றும் கிடைப்பதில்லை. கையுறை நிறையப் பொற்காசு போட்டுக் கொடுக்கச் சொல்கிறான். ஃப்ளூயெல்லனும் தன் பங்குக்குப் பன்னிரண்டு பென்னி நீட்டி, செருப்புத் தைத்துக்கொள்ள ஆகும் என்கிறான். உங்கள் காசு எனக்கு வேண்டாம் என்கிறான் வில்லியம்ஸ்.

அந்த நொடியில் தூதுவன் மாண்டவர் பட்டியலோடு வருகிறான். ஆங்கிலேயப் பக்கத்துப் பட்டியலை ஹென்றியே வாய்விட்டுப் படிக்கிறான். யார்க் கோமகன் எட்வர்ட், சஃபோக் பிரபு, சர் ரிச்சர்ட் கெட்லி, டேவி காம். பெயர் சொல்லத்தக்கவர் வேறு எவரும் இல்லை, மற்றவர்கள் இருபத்தைந்து பேர்.